கொல்லைப்புறத்து வழக்கு

அண்டை வீட்டாரின் உரிமைகள் என்னும் பொருளில் மீலாது மேடைகளில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். அண்டை வீட்டாரைக் குறித்து வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஓயாமல் அறிவுறுத்தி வந்தமையால், அவர்களைச் சொத்துக்கும் வாரிசாக்கி விடுவாரோ எனத் தாம் எண்ணியதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை எடுத்துரைக்காமல் எந்தப் பேச்சையும் நான் முடித்ததில்லை. அவையோர் தலையசைப்பர். அவ்வேளையில் என் கண்முன் வந்து நிற்பது பக்கத்து வீட்டு நாய். அதன் பெயர் மணி. 1989ஆம் ஆண்டில் அதனைக் கொல்ல நான் முனைந்தேன்.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடையில், கடலை ஒட்டியிருப்பது. எங்கள் கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் இடையே பாட்டனார் காலத்துக் கிளுவை வேலி. அவ்வேலியின் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி, அதற்கொரு மூங்கிற்படல். அந்தப் படலை எவரும் கட்டி நான் பார்த்ததில்லை. அவ்வீட்டுக்காரர் நிலபுலன் உள்ள பெரியவர். என் வாப்பாவை அவர் தம்பி என்பார். நான் அவரைப் பெரியப்பா என்பேன்.

உம்மாவுக்குக் கோழிகளே சிறுவாட்டுப் பணம். பதினான்கு உருப்படிகள் இருந்தன. அடைக்கு வைக்கும்போது முட்டைகளோடு இடிக்கு அஞ்சி ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் கூடையில் இடுவார். இருபத்தொரு நாள் விரலை மடக்கி எண்ணுவார். பொரித்த குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நொய்யரிசி தூவி, பருந்துக்கும் கீரிக்கும் காவலிருப்பார். வெள்ளைக் கழிச்சல் வந்த ஆண்டுகளில் கூடே காலியானதும் உண்டு. அப்போதும் அயல்தெருவில் நான்கு முட்டை கடன் வாங்கி மறுபடியும் அடை வைப்பார். நான் கல்லூரியில் தமிழிலக்கியம் பயிலச் சேர்ந்தபோது முதற் பருவத் தேர்வுக் கட்டணம் அந்தச் சிறுவாட்டிலிருந்துதான் வந்தது. கோழி வளர்ப்பைப் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் அறியும்பொருட்டு இதனைச் சொல்கிறேன்.

தென்னந்தோப்பில் தேங்காய் களவு போகத் தொடங்கியபின் பெரியப்பா நாய் வளர்க்கலானார். செவலை நிறம், நாட்டு நாய்தான். முதலில் அவர் கொல்லையில் எங்கள் விடைக்கோழி ஒன்று செத்துக் கிடந்தது. பின்னர் இரண்டு. ஒருநாள் சுபுஹுத் தொழுகை முடிந்த வேளையில் உம்மா கூட்டைத் திறந்துவிட்டு உள்ளே திரும்பிய சிறு இடைவெளியில், படலைத் தள்ளிக்கொண்டு வந்து ஆறு கோழிகளைக் கடித்துக் குதறியது. ஒன்றையேனும் தின்னவில்லை. சிறகடித்து ஓடும் உயிரைக் கண்டால் நாயின் வேட்டையுணர்வு மூண்டுவிடும். ஓட்டம் அடங்கும்வரை அது நிற்காது. பசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதனை நான் பின்னாளில் அறிந்துகொண்டேன். அன்று எனக்கு அது வெறும் கொடுமையாகவே தெரிந்தது.

உம்மா கத்தியோடு ஓடி வந்தார். நாயை நோக்கியன்று, கோழிகளை நோக்கி. உயிர் எஞ்சியிருப்பதை பிஸ்மில்லாஹ் கூறி அறுத்துவிட்டால் உண்ணலாம், செத்தது ஆகாது. ஒன்றே ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. ஏனைய ஐந்தையும் முருங்கை மரத்தடியில் நான் குழிதோண்டிப் புதைத்தேன். உம்மா அழவில்லை. கூட்டுக்குள் தலையைவிட்டு, எஞ்சியவற்றை மும்முறை எண்ணினார்.

வாப்பா முறையிடச் சென்றார். "நாய்க்குத் தெரியுமா தம்பி, எது யார் வீட்டுக் கோழி என்று? உங்கள் கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறாத நாள் உண்டா?" என்று பெரியப்பா கேட்டுவிட்டார். அவர் கேட்டது உண்மை. அதனாலேயே அது மிகவும் சுட்டது. மறுநாள் காலையில் படல் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் அவரா வாப்பாவா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெருவிலோ யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடச் சொன்னவர் உண்டு. சுடச்சுட வெந்த முட்டையை அதன் வாயில் திணிக்கச் சொன்னவரும் உண்டு. நாய்க்கு வலியைத் தவிர வேறெதையும் இவை கற்பிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் வேறொரு வழி கண்டேன். வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டில், வயலுக்குத் தூவும் குருணை மருந்து இருந்தது. ஒரு பொட்டலம் வாங்கி வந்து, கோழிக்கூட்டின் மேற்கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒளித்து வைத்தேன். இரவில் இறைச்சித் துண்டில் பிசைந்து வேலியோரம் போடுவதாகத் திட்டம். அந்த வாரம் எங்களுக்கு வகுப்பில் நடந்துகொண்டிருந்த பாடம் சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் வலையில் அகப்பட்ட மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வருமளவும் விடுவிக்க வேண்ட, பெருமானார் தாமே பிணை நிற்கும் பகுதி. உமறுப்புலவரின் விருத்தங்களை நான் நெட்டுருச் செய்து, பேராசிரியரிடம் பாராட்டும் பெற்றேன். பாராட்டுப் பெற்ற அன்று மாலையில்தான் இறைச்சியும் வாங்கினேன்.

முட்டை எடுக்கக் கை நீட்டிய உம்மாவின் விரலில் பொட்டலம் தட்டுப்பட்டது. முகர்ந்து பார்த்தவுடன் விளங்கிக்கொண்டார். "இதில் ஒரு குருணை சிந்தினாலும் முதலில் கொத்தப் போவது யார்? என் கோழிதானே?" என்றார். அந்த மருந்து பறவைகளுக்குப் பெருநஞ்சு என்பதை நான் எண்ணியும் பார்க்கவில்லை. பிறகு, "அந்த வீட்டுப் பேரப்பிள்ளை வேலியோரம் தவழ்கிறது, தெரியுமா?" என்றார். என்னால் வாய் திறக்க இயலவில்லை.

சட்டமும் இதனைக் குற்றமென்றே கூறுகிறது. அந்நாளில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428, 429 ஆகிய பிரிவுகள் விலங்கின் விலையைக் கணக்கிட்டுத் தண்டனையை வகுத்திருந்தன. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு அந்த விலைக் கணக்கை நீக்கிவிட்டது. பிறர்க்குக் கேடு செய்யும் எண்ணத்தோடு எந்த விலங்கை நஞ்சிட்டுக் கொன்றாலும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆயின் அன்று என்னைத் தடுத்தது சட்டமன்று. எனக்குச் சட்டம் தெரியாது.

செய்தி வாப்பாவின் காதுக்குப் போயிற்று. அவர் என்னை அடிக்கவில்லை. இஷாவுக்குப்பின் திண்ணையில் அமர்த்தி, பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் பிறர் தோட்டத்தில் புகுந்து அழித்த வழக்கைச் சொன்னார். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டத்துக்காரர் பொறுப்பு. இரவில் கால்நடையால் நேரும் சேதத்திற்கு அதற்குரியவரே பொறுப்பு என்று நபிகளார் தீர்ப்பளித்தார்கள். "அவர்கள் பொழுதைப் பிரித்தார்கள், பார்த்தாயா?" என்றார் வாப்பா. மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு, தெருவழியே சுற்றிப் பெரியப்பாவின் வாசலுக்குப் போனார். கோழிகளைப் பற்றி முதலில் பேசவேயில்லை. "அண்ணே, உங்கள் கீரைப் பாத்தி பாழானது எங்கள் பிழை" என்றே தொடங்கினார். பெரியப்பா சற்று நேரம் தோளிலிருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பின்பு உள்ளே நோக்கி, "தம்பிக்கு மோர் கொண்டு வா" என்றார்.

அன்று பொழுது பிரிக்கப்பட்டது. விடிந்தபின் மணியைக் கட்டிவிட்டு அவர் வீட்டார் குரல் கொடுப்பர். அதன்பிறகே உம்மா கூட்டைத் திறப்பார். அந்தி சாயுமுன் கோழிகள் அடைந்ததும் உம்மா குரல் கொடுப்பார். அதன்பிறகே நாய் அவிழ்க்கப்படும். வேலியின் அடிப்புறத்தை நானும் பெரியப்பாவின் மகனும் இரண்டு நாள் முள் வைத்து அடைத்தோம். செத்த கோழிகளுக்கு அவர் பணம் நீட்டினார். வாப்பா வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் காலை முதல் அவர் வீட்டுப் பசுவின் பால் அரைப்படி எங்கள் வீட்டிற்கு வரலாயிற்று. புதிதாக அடை வைத்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் வரைக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வாப்பா அந்தப் பாற்செம்பைப் பார்த்து வியந்து போனார். ஒருவருடைய ஆடுகள் இரவில் மற்றொருவர் விளைநிலத்தை மேய்ந்துவிட்ட வழக்கில் தாவூது (அலை), சுலைமான் (அலை) ஆகிய இருவரும் வழங்கிய தீர்ப்பைத் திருமறையின் அல்அன்பியா அத்தியாயம் குறிப்பிடுகிறது. நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆடுகளின் பாலும் பயனும் நிலத்துக்காரருக்கு. பின்னர் ஆடுகள் உரியவருக்கே என்பது சுலைமான் நபியின் தீர்ப்பென விரிவுரையாளர் கூறுவர். பெரியப்பா அந்த விரிவுரைகளைப் படித்தவரல்லர்.

ஏழெட்டு மாதத்தில் புதுக் கோழிகள் முட்டையிட்டன. உம்மா முதல் ஆறு முட்டைகளைச் செம்பிலிட்டு, பால் போதுமென்று சொல்லியனுப்பினார். செம்பு மறுநாளும் பாலோடு வந்தது. படலின் கம்பி எப்போது அவிழ்க்கப்பட்டது என்பதையும் நான் கவனிக்கவில்லை.

பெரியப்பா குடும்பத்தோடு வெளியூர் செல்லும் நாட்களில் மணிக்குச் சோறு வைத்து, பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடும் பொறுப்பு எனக்கு வந்தது. உம்மாதான் அதனை எனக்கென்று கேட்டு வாங்கினார். அது என் கையை நக்கும். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழுமுறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால். கிணற்றடியில், நீர் நிறைந்த வாளிக்கருகே, ஒரு கொட்டாங்கச்சியில் சலித்த மண்ணை உம்மா எனக்காக எடுத்து வைத்திருப்பார்.