எனக்கும் ஒரு ரிவியூ வேணுமுங்க

2025 ஜூன் 3-ஆம் தேதி ராத்திரி ஐபிஎல் ஃபைனல் நடந்தப்போ நீங்க எல்லாம் எங்க உக்காந்து பார்த்தீங்களோ, நான் சாளைக்கு முன்னாடி கயித்துக் கட்டல்ல சாஞ்சுட்டு போன்ல பார்த்தேன். நம்ம சென்னை டீம் அந்த வருசம் பத்தாவது இடம். பத்து டீம்ல பத்தாவது. அதனால யாரு ஜெயிச்சாலும் நமக்கு ஒண்ணுதான். இருந்தாலும் மனசு என்னமோ பெங்களூர் பக்கம்தான் சாஞ்சுது. கோலி 18 வருசமா ஒரே டீமுக்கு ஆடி ஒரு கப்பு கூட வாங்காத மனுசன். அந்த வெசனம் மஞ்சள் போடறவனுக்கு நல்லாவே புரியும். வெளைச்சல் நல்லா இருந்தா வெலை இருக்காது. வெலை ஏறுற வருசம் நம்ம களத்துல மஞ்சள் இருக்காது.

பெங்களூர் 190 அடிச்சுது. பஞ்சாப் ஆட வந்து, க்ருணால் பாண்டியா சுருட்டிச் சுருட்டி பால் போட்டுட்டு இருந்தப்போ, போன் மேல்பக்கத்துல டிங்கு டிங்குன்னு மெசேஜா வந்து ஸ்கோரை மறைச்சுது. விரல்ல தள்ளி விட்டேன். இன்னொண்ணு வந்துச்சு, அதையும் தள்ளினேன். மூணாவதையும் தள்ளினேன். கடைசி ஓவர்ல 29 ரன் வேணும். முதல் ரெண்டு பாலும் ரன் இல்ல. ஆட்டம் முடியறதுக்கு முன்னாலயே கோலி அழ ஆரம்பிச்சுட்டார். அப்புறம் அந்த சஷாங்க் சிங்கு 22 ரன் அடிச்சும் 6 ரன்ல பெங்களூர் ஜெயிச்சுது. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. போனை சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்துட்டேன்.

நான் விரல்ல தள்ளி விட்டது என்னன்னு காலைல பால் சொசைட்டியில வரிசைல நிக்கறப்போதான் பார்த்தேன். 20,000. இன்னொரு 20,000. அப்புறம் 7,500. மஞ்சள் வித்து, இந்த வருச நடவுக்குன்னு எடுத்து வெச்சிருந்த பணம். பாக்கி 312 ரூவா இருந்துச்சு. கையில பால் கேனு. ஊத்தறதா வேண்டாமான்னு கூடத் தெரியல. பின்னால இருந்தவர் "நகருங்க மாமா"ன்னார், நகர்ந்தேன்.

எப்படிப் போச்சுன்னு சொல்றேன். டவுன்ல இருக்கற நீங்க இதுக்கெல்லாம் ஏமாற மாட்டீங்கன்னு நெனைப்பீங்க. நானும் அப்படி நெனைச்சவன்தான்.

விவசாயிகளுக்கு மத்திய அரசு வருசத்துக்கு 6,000 ரூவா போடுது, தெரியுமில்லீங்களா? நாலு மாசத்துக்கு ஒரு தடவை 2,000. 19-வது தவணை பிப்ரவரி மாசம் வந்துச்சு. அப்படின்னா 20-வது ஜூன்ல வரணும். ஊர்ல அத்தன பேரும் அதுக்குத்தான் காத்துட்டு இருந்தோம். நடுவுல கேஒய்சி முடிக்கலைன்னா வராது, விவசாயி அடையாள எண் பதியலைன்னா வராதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க. பதியணும்கறது நெசந்தான். அதனாலதான் பொய்யும் நெசம் மாதிரியே தெரிஞ்சுது.

ஃபைனல் அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். எங்க பங்காளி ஒருத்தர் நம்பர்ல இருந்து வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்துச்சு. அந்தத் திட்டத்தோட பேரு, நெல்லுக்கதிர் படம் எல்லாம் போட்டு ஏபிகே-ன்னு முடியும். பிளே ஸ்டோர்ல இருந்து வராம நேரா போன்ல ஏத்தற ஆப்பு அதுன்னு இப்பத் தெரியுது. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பங்காளி அனுப்பிருக்கார்ங்கறது மட்டுந்தான். தொட்டதும் போனே சொல்லுச்சுங்க, இது ஆபத்தா இருக்கலாம்னு. பரவால்லன்னு அமுக்கினது நான்தான். மெசேஜ் படிக்க அனுமதி கேட்டுச்சு, கொடுத்தேன். ஆதார் நம்பர் கேட்டுச்சு, கொடுத்தேன். கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூவா கட்டணும், ஏடிஎம் கார்டு நம்பர் போடுன்னுச்சு. கார்டுக்குப் பின்னால இருக்கற மூணு நம்பரையும் கண்ணாடி போட்டுப் பார்த்து, தப்பில்லாம அடிச்சேன். அதுக்கப்புறம் ஓடிபி என்னைக் கேக்கவே வேண்டாம். மெசேஜ் படிக்கத்தான் நான் அனுமதி கொடுத்துட்டேனே, அதுவே படிச்சு அங்க அனுப்பிருச்சு. வேலியத் தொறந்து விட்டுட்டு ஆட்டைத் திட்டி என்ன பண்றது?

விஷால் நடிச்ச இரும்புத்திரை படம் டிவியில நாலு தடவை பார்த்திருப்பேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் பணம் பேங்க்ல இருந்து காணாமப் போகும். அர்ஜூன் எங்கயோ உக்காந்துட்டு அத்தனையும் பண்ணுவார். "சினிமாவுல ரொம்பத்தான் விடறாங்க"ன்னு வீட்ல சொல்லிச் சிரிச்சிருக்கேன். என் விசயத்துல அர்ஜூன் எல்லாம் தேவைப்படலீங்க. நானே போதும்.

சொசைட்டியில இருந்து வந்து மூணு மணி நேரம் யார்கிட்டயும் சொல்லல. இதைத்தான் நான் முக்கியமா எழுத வந்தேன். மாட்டுக்குத் தண்ணி காட்டினேன், வாய்க்கால் வெட்டினேன். வீட்டுக்காரி "ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"ன்னா. தலைவலின்னேன். பணம் போனதை விட, தெனமும் பேப்பர் படிச்சு டீக்கடையில அடுத்தவனுக்குப் புத்தி சொல்ற ஆளு ஏமாந்துட்டான்னு ஊரு பேசுமேங்கற பயந்தான் பெருசா இருந்துச்சு. பத்தரை மணிக்குத்தான் திருப்பூர்ல வேலை பார்க்கற பையனுக்குப் போன் போட்டேன். அவன் திட்டல. "அப்பா, மொதல்ல 1930-க்குப் போடுங்க, அப்புறம் பேசிக்கலாம்"னான்.

1930-ங்கறது இந்தியா பூரா இந்த மாதிரி பண மோசடிக்குன்னு இருக்கற நம்பருங்க. கூப்பிட்டா பேங்க் பேரு, எந்த நேரம் எவ்வளவு போச்சு, மெசேஜ்ல இருக்கற நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கறாங்க. பணம் எந்தக் கணக்குக்குப் போச்சோ அங்கயே நிறுத்தி வைக்கச் சொல்லித் தகவல் கொடுப்பாங்க. திருடன் பணத்தை ஒரே கணக்குல வெச்சிருக்க மாட்டான். ஒண்ணுல இருந்து இன்னொண்ணு, அதுல இருந்து நாலுன்னு பிரிச்சுட்டே போவான். சீக்கிரம் சொன்னா முதல் கணக்குலயே மடக்கலாம். நான் சொன்னப்போ பன்னெண்டு மணி நேரம் தாண்டிருச்சு. 7,500 மட்டும் ஒரு கணக்குல நிக்குதாம். மீதியெல்லாம் ஊரைத் தாண்டிப் போயிருச்சு. அந்த 7,500-உம் இன்னும் கைக்கு வரல.

ஸ்டேசனுக்கும் போனேன். வடிவேலு கெணத்தக் காணோம்னு புகார் கொடுக்கப் போவாரே, அதே நெலமைதான். பூட்டு ஒடையல, ஓடு பிரிக்கல, நாய் கொரைக்கல. எதைக் காட்டிப் பணம் போச்சுன்னு சொல்றது? ஏட்டய்யா சிரிக்கல. "உக்காருங்க, இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளு"ன்னார். சாயங்காலம் திரும்பி வரும்போது டீக்கடை டிவியில பெங்களூர் ஸ்டேடியத்துக்கு வெளிய கூட்ட நெரிசல்ல ஆளுக செத்த சேதி ஓடிட்டு இருந்துச்சு. கடைசியில 11 பேர்னு சொன்னாங்க. கப்பைப் பார்க்கப் போன பிள்ளைக. போனது பணந்தானேன்னு அப்பத்தான் மனசு கொஞ்சம் எறங்குச்சு.

ஆனா அதோட முடியலீங்க.

அந்த ஆப்பு என் பணத்தை மட்டும் எடுக்கல. என் நம்பர்ல இருந்து அதே ஃபைலை எனக்குத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பிருந்துச்சு. சொந்தக்காரங்க, பால் சொசைட்டி குரூப்பு, கோயில் கமிட்டி குரூப்பு, ஒண்ணையும் விடல. பங்காளி பேர்ல எனக்கு வந்த மாதிரியே, என் பேர்ல ஊருக்குப் போயிருச்சு. அவர்கிட்ட ஓடினேன். தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னார். அவருக்குப் பத்து நாளைக்கு முன்னாலயே 18,000 போயிருக்குது. புது மருமகன் வீட்டுக்கு வர்ற நேரம், வெளிய தெரிஞ்சா கேவலம்னு வாயத் தொறக்கல. எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். காலைல நானும் மூணு மணி நேரம் தலைவலின்னு சொல்லிட்டுத் திரிஞ்சது ஞாபகம் வந்துச்சு. கேக்கல.

அன்னைக்கு ராத்திரியே பையன் போன்ல சொல்லிக் கொடுத்த மாதிரி அந்த ஆப்பை எடுத்தேன், கார்டை பிளாக் பண்ணினேன். அதுக்கப்புறம் டார்ச் லைட்டை எடுத்துட்டு வீடு வீடாப் போனேன். நான் அனுப்பின மாதிரி ஒரு ஃபைல் வந்திருக்கும், தொடாதீங்கன்னு சொல்லிட்டே போனேன். ரெண்டு பேரு ஏற்கெனவே தொட்டுட்டாங்க. ஒருத்தன் காலேஜ் பையன். "அண்ணா, என் கணக்குல 86 ரூவாதான் இருந்துச்சு, அவனே பாவம்னு விட்டுட்டான் போல"ன்னு சிரிச்சான்.

இன்னொருத்தர் எனக்குப் பெரியம்மா முறை. பெரியப்பா போய் பல வருசமாச்சு. மாசம் 1,200 ரூவா விதவை பென்சன் வருது. அதுல மிச்சம் புடிச்சு 9,400 சேர்த்து வெச்சிருந்தது. பத்தாவது படிக்கற பேரன்தான் போன் பார்ப்பான். அவன் வேண்டாம்னுதான் சொல்லிருக்கான். பெரியம்மா தான், "அட, நம்ம சாமிதாண்டா அனுப்பிருக்குது, போடு"ன்னுருக்குது.

திண்ணையில உக்காந்து எங்கிட்ட அதைச் சொல்றப்போ ஒரு சொட்டு கோவம் இல்ல அந்த மொகத்துல. "நீ அனுப்பினதுன்னுதான் கண்ணு போட்டேன்"னு சொல்லிட்டு, காப்பித்தண்ணி வைக்க எந்திரிச்சுது. என் 47,500 போனப்போ வராத அழுகை அங்க வந்துச்சுங்க.

மறுநாளே 5,000 கொடுத்தேன். மீதி 4,400-ஐ ஒரு கெடாக் குட்டிய வித்துக் கொடுத்தேன். வாங்கவே மாட்டேன்னுது. கட்டாயப்படுத்தி முந்தானையில முடிஞ்சு விட்டுட்டு வந்தேன். ஒரு ஏக்கர் மஞ்சள் போட வேண்டியது, இந்த வருசம் அரை ஏக்கர்தான். மீதியில மாட்டுக்குச் சோளத்தட்டு வெதைச்சிருக்கேன்.

கிரிக்கெட்ல டிஆர்எஸ்-னு ஒண்ணு இருக்குது பாருங்க. 2008-ல இந்தியா இலங்கைக்குப் போனப்போ டெஸ்ட் மேட்ச்ல மொதமொத வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் பல வருசம் நம்ம போர்டு வேண்டாம்னே அடம் புடிச்சுது. 2016-ல இங்கிலாந்து இங்க வந்தப்போதான் ஒத்துக்கிட்டாங்க. இப்ப ஐபிஎல்ல வைடுக்குக் கூட ரிவியூ கேக்கறாங்க. அதுல ஒரு சட்டம் உண்டு. பால் டெட் ஆன பிறகு 15 செகண்டுக்குள்ள கேக்கணும். தாண்டினா போச்சு. கேட்டுத் தப்பாயிருந்தா அத்தனை பேரு முன்னால பெரிய ஸ்கிரீன்ல அசிங்கந்தான். கேட்டவன்ல பாதிக்கு மேல பேருக்கு அப்படித்தான் ஆகும். தோனி கேட்டா சரியா இருக்கும்னு பேரு வாங்கினவர், அவருக்கே தப்பின நாள் உண்டு. ஆனா அசிங்கத்துக்குப் பயந்துட்டு கேக்காமயே பேட்டைக் கக்கத்துல வெச்சுட்டு நடந்தா, அவுட் இல்லாதவனும் அவுட்டுதான்.

நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் நடந்துட்டோம். பங்காளி பத்து நாள். நான் மூணு மணி நேரம். திருடனுக்கு நாங்க கொடுத்த சம்பளம் அந்த நேரந்தான்.

அடுத்த நாள் காலைல சொசைட்டி வரிசைலயே, கேனைக் கீழ வெச்சுட்டு, சத்தமாச் சொன்னேன். எப்படிப் போச்சு, எவ்வளவு போச்சு, நான் எதை அமுக்கினேன்னு ஒண்ணு விடாம. ஒருத்தர் சிரிச்சார். "பேப்பர் படிக்கற உனக்கே இப்படியா?"ன்னார். ஆமான்னேன். எடுபட்டுப் போயிருவேன்னு நெனைச்சேன், ஒண்ணும் ஆகல. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மூணு பேரு தனித்தனியா தோட்டத்துக்கு வந்து, அக்கம் பக்கம் பார்த்துட்டு, "எனக்கும் போச்சுங்க"ன்னாங்க. ஒருத்தருக்குப் போனது முந்தின நாள் சாயங்காலந்தான். அங்கயே 1930 போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் பெரும்பகுதி பணத்தை முதல் கணக்குலயே நிறுத்திட்டாங்கன்னு தகவல் வந்துச்சு. என் பணம் கெடைச்ச மாதிரியே இருந்துச்சு.

இப்ப ஊர்ல புதுசா ஒரு பழக்கம் வந்திருக்குது. எதாவது லிங்க், எதாவது ஃபைல் வந்தா, பசங்க பெருசுன்னு இல்லாம போனை நீட்டிட்டு வந்து "ரிவியூ"ன்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சா சொல்றேன். இல்லாட்டி பையனுக்குப் போடறேன். பெரியம்மா கூட "கண்ணு, ரிவியா"ன்னு வருது. பார்த்தா கேஸ் கம்பெனி மெசேஜு.

20-வது தவணை ஆகஸ்ட் 2-ஆம் தேதி வந்துச்சுங்க. நான் எதையும் அமுக்கல, எங்கயும் நம்பர் அடிக்கல. வர வேண்டிய 2,000 அதுபாட்டுக்குத் தானா வந்துச்சு. போன் டிங்குன்னுச்சு. எடுத்துப் பார்க்கல. சட்டையப் போட்டுட்டு பஸ் ஏறி, பேங்குக்குப் போயி, வரிசைல நின்னு பாஸ்புக்ல அடிச்சுட்டு வந்தேன். பஸ்சுக்கு ஆன செலவு போக மீதி நல்ல பணந்தான்.