பத்தாம் வசனத்தையும் சேர்த்து

டிசம்பர் பிறந்துவிட்டால் சேகர குருமாருக்கு ஒரு வேலை கூடும். 31-ஆம் தேதி இரவு ஆராதனையில் சபையார் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள வாக்குத்தத்த அட்டைகள் தயாராக வேண்டும். கடையில் ஆயத்தமாகவே கிடைக்கும். நான் வசனங்களை நானே பொறுக்கி எழுதிக் கொடுப்பேன். அச்சகக்காரர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஐயரே, சின்ன வசனமா குடுங்க, எழுத்து பெருசா வரும்."

அந்தச் சின்னதில்தான் சிக்கல்.

எரேமியா 29:11 இல்லாத வருஷம் கிடையாது. நல்ல முடிவு வரும் என்று தேவன் நம்பிக்கை கொடுக்கிற வசனம். அதை எடுத்தவர் முகமே மலர்ந்துவிடும். பத்தாம் வசனத்தை யாரும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பிறகுதான் உங்களைத் திரும்பக் கூட்டி வருவேன் என்கிறது அது. எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இது. நாற்பது வயதில் அதைக் கேட்டவர் ஊர் திரும்பப்போவதில்லை. அவரிடம்தான் வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வை என்கிறார் தீர்க்கதரிசி.

முந்தின அதிகாரத்தில் அனனியா வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் அறிவித்தவர். அன்றைக்கு ஓட்டெடுப்பு நடந்திருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். அந்த வருஷமே அவர் இறந்துபோனார்.

பிரசங்க பீடத்தில் நிற்கிறவனுக்கு அனனியாவாகிவிடுவது சுலபம். "இது உங்கள் வருஷம்" என்று ஓங்கிச் சொன்னால் போதும், ஆமென் கூரையைத் தொடும். ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் ஹால் டிக்கெட்டோடு ஜெபத்துக்கு வருகிற பிள்ளைகள், எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்கிற பிலிப்பியர் 4:13-ஐ மனப்பாடமாகச் சொல்வார்கள். சந்தோஷம்தான். ஆனால் பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். முந்தின வசனத்தில் பட்டினி கிடக்கவும் தனக்குத் தெரியும் என்கிறார். மார்க் குறைந்தாலும் உடையாமல் நிற்க அந்த வசனம் உதவும் என்பதைச் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன். பெற்றோர் முகம் லேசாகச் சுருங்கும், பரவாயில்லை.

வேதத்தில் வாக்குத்தத்தம் பெற்றவர்களின் குறை முதலில் தீர்ந்துவிடுவதில்லை. பார்வோனிடம் பேசப் போனபோது மோசேக்கு 80 வயது. எனக்குப் பேச வராது என்று மன்றாடிய அவருடைய நாவு சரியானதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. பேசுவதற்கு அண்ணன் ஆரோன் கூட வந்தார், அவ்வளவுதான். கிதியோனிடம் 32,000 பேர் இருந்தார்கள். அதை 300 ஆகக் குறைத்த பிறகே தேவன் யுத்தத்துக்கு அனுப்பினார்.

எங்கள் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். குணமாகும் என்று எல்லாரும் ஜெபித்தார்கள். 1951-இல் சாகும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். அந்த அறையிலிருந்துதான் பல புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளின் இல்லத்தையும் கவனித்துக்கொண்டார்.

சபையில் ஒரு அம்மா பீடி சுற்றுகிறவர். கணவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வீடு சந்திக்கப் போனபோது மடியில் பீடித் தட்டு. இலையை வெட்டுவதும் தூளை வைத்துச் சுருட்டுவதும் நூல் கட்டுவதுமாகக் கை நிற்கவேயில்லை. "ஐயரே, போன வருஷம் குணமாக்குவேன்னு அட்டையில வந்துச்சே, எப்பம்?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா."

சங்கீதம் 88-ஐ எடுத்து வாசித்தேன். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. முதல் முறையாக அவர் கை நின்றது. "இதும் பைபிள்ளயா இருக்கு?" என்றார். பக்கத்தில் அடையாளம் வைத்துத் தரச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்திருந்தார். கணவர் உடல்நிலையில் மாற்றமில்லை.

தேவன் சொன்னதைச் செய்வார் என்பதை நான் முழுமனதோடு பிரசங்கிக்கிறேன். என் பெலத்துக்கும் என் ஆயுசுக்கும் உள்ளே அவர் அதைச் செய்து முடிக்க வேண்டும் என்று மட்டும் நான் கேட்க முடியாது. ஆபிரகாமே 75 வயதில் புறப்பட்டு, ஈசாக்கைக் கையில் வாங்க 100 வயது வரை காத்திருந்தார். வானத்து நட்சத்திரங்களைப் போன்ற சந்ததியை அவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சாகவில்லை.

புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கும் உபதேசியார் தம்பிகளே, நோயாளி வீட்டுக்குப் போனால் முதலில் உட்காருங்கள். அவர்கள் பேசி முடிக்கட்டும். வசனம் சொல்லுங்கள், முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்து வாசியுங்கள், கையைப் பிடித்து ஜெபியுங்கள். எந்த மாதத்துக்குள் குணமாகும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிட்டு வராதீர்கள்.