ஆறு வற்றிய பின்பு



சென்ற வாரம் தருமபுரிப் பேருந்து நிலையத்திற்குச் சற்றுத் தள்ளி, நம் சபைச் சகோதரர் ஒருவர் நடத்தும் சிறிய பேக்கரியில் தேநீர் அருந்தினேன். அவர் பதினேழாம் வயதில் பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குச் சென்றவர். அடுப்படியில் மாவு பிசைந்து, தட்டுக் கழுவி, படிப்படியாக மாஸ்டர் ஆனவர். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது அந்தக் கடை மூடப்பட்டது. அவர் ஊர் திரும்பினார்.

சொந்தமாகக் கடை வைக்க வேண்டும், ஜெபியுங்கள் என்று அந்நாட்களில் என்னிடம் வந்தார். நான் ஜெபித்தேன். அதற்கு முன் ஓர் ஆலோசனையும் சொன்னேன்: “கடன் வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள் தம்பி. முதலாளி திரும்பக் கூப்பிடும்வரை பொறுத்திருங்கள்.” அதை ஞானம் என்றே அப்போது எண்ணினேன்.

அண்மையில் ஒரு பழைய வரலாற்றை வாசித்தேன். ஃபெடரிகோ பெலிட்டி என்பவர் இத்தாலியின் தூரின் நகருக்கு அருகிலுள்ள கரிஞ்ஞானோவில் 1844இல் பிறந்தவர். இனிப்புப் பண்டங்கள் செய்வதில் வல்லவர். 1869இல் ஒரு போட்டியில் வென்று, வைசிராய் மேயோ பிரபுவின் சமையற்கூடத்தில் பணியாற்றக் கல்கத்தா வந்தார். மூன்று ஆண்டுகள்கூட நிலைத்திருக்கவில்லை. 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில் கைதி ஒருவன் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்றான்.

சற்று எண்ணிப் பாருங்கள். அந்நிய நாடு, அந்நிய மொழி. நம்பி வந்த எஜமானர் இல்லை. ஆயினும் பெலிட்டி கல்கத்தாவிலேயே கடை திறந்தார். பின்னர் சிம்லாவிலும் அவருடைய உணவகம் எழுந்தது. கிப்ளிங் தம் கதையில் குறிப்பிடும் அளவுக்குப் ‘பெலிட்டிஸ்’ புகழ்பெற்றது. 1914இல் அவர் தம் சொந்த ஊரில் மரித்தார்; அவருக்குப் பின் மகன்கள் தொழிலைத் தொடர்ந்தனர்.

இதை வாசிக்கையில் எலியா தீர்க்கதரிசி என் நினைவுக்கு வந்தார். கேரீத் ஆற்றங்கரையில் காகங்கள் அவருக்கு ஆகாரம் கொண்டுவந்தன. ஒருநாள் அந்த ஆறு வற்றிப்போயிற்று. தேவன் அந்த ஆற்றை மீண்டும் ஓடச் செய்யவில்லை. எழுந்து சாறிபாத்துக்குப் போகச் சொன்னார். அதுவோ அந்நியருடைய ஊர். அங்கே காத்திருந்ததும் செல்வந்தரின் களஞ்சியமன்று. ஓர் ஏழை விதவையின் கடைசிப் பிடி மாவு.

நானோ அந்தச் சகோதரரை, வற்றிய ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்திருக்கச் சொன்னேன். என் ஆலோசனை விசுவாசத்திலிருந்து வரவில்லை, பயத்திலிருந்து வந்தது.

சென்ற வாரம் இதை அவரிடமே அறிக்கையிட்டேன். அவர் சிரித்தார். “ஐயா, அன்னைக்கு நீங்க ஜெபிச்சதை எடுத்துக்கிட்டேன், சொன்னதை அங்கேயே விட்டுட்டேன்” என்றார். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து அடுப்பு வாங்கினாராம். அதை மீட்டது போன மாதம்தானாம். நான் தந்த காசை வாங்க மறுத்து, சூடான பன் ஒன்றையும் கையில் வைத்தார். அதை விழுங்குவது எனக்கு எளிதாயிருக்கவில்லை.

பிரியமானவர்களே, கடை திறக்கும் ஒவ்வொருவரும் செழிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. நட்டப்பட்டு மூடியவர்களும் நம் நடுவே உண்டு. அவர்களையும் தேவன் கைவிடுகிறதில்லை. ஆனால் வேலையிழந்து வீடு திரும்பிய ஒரு பிள்ளை உங்கள் முன் நின்று, “இப்படிச் செய்யலாமா?” என்று கேட்கும்போது, உங்கள் பயத்தை அவனுக்குப் புத்திமதியாகக் கொடுத்துவிடாதீர்கள். கணக்கைக் கேளுங்கள், கூட உட்கார்ந்து பாருங்கள். இயன்றால் முதல் நாள் வியாபாரத்திற்கு நீங்களே போய் நில்லுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, ஆறு வற்றும்போது கலங்காதிருக்கவும், புறப்படுகிறவர்களை எங்கள் வார்த்தையால் தடுக்காதிருக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.