வாக்கின் கடன்

தமிழில் 'வாக்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வாயினின்று பிறக்கும் சொல்லும் வாக்கு. தேர்தலில் நாம் அளிப்பதும் வாக்கு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவை நமக்குக் கற்பித்தவர், எந்த நாட்டிலும் வாக்குரிமை இல்லாத ஒரு முதியவர்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021-ஆம் ஆண்டு முதல் அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கிறது. அவற்றுள் ஒன்றிலிருந்து சில குடும்பங்கள் ஞாயிறுதோறும் நம் பங்குக் கோவிலுக்குத் திருப்பலி காண வருகின்றன. முகாமில் வாழ்வோருள் மிகப் பலருக்கு இந்தியாவில் வாக்கில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டம் வழி செய்யாமையால் அங்கும் வாக்கில்லை. ஆயினும் இலங்கையில் அதிபர் தேர்தல் வந்துவிட்டால் அவர்களைப்போல் ஊன்றிக் கவனிப்பார் எவருமிலர். ஊர் திரும்பலாமா, விட்டுவந்த நிலம் கிடைக்குமா என்பன அவர்களுடைய கேள்விகள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் உள்ள மீனவர்க்கோ கடலில் கைதாகாமல் கரை சேர்வோமா என்பதே கேள்வி.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்புக் கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் அங்கே அதிபர் தேர்தல். குருதி உலராத மண்ணில் தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டது. அச்சமே அதன் மையமாகவும் பாதுகாப்பே அதன் பெரிய வாக்குறுதியாகவும் அமைந்தன.

அந்த அச்சத்தின் நடுவே, மே 23 அன்று ஒரு சிங்கள நாளேடு தன் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் பிள்ளைப்பேற்று அறுவையின்போது 4,000 சிங்களப் பெண்களுக்கு அவர்கள் அறியாமலே கருத்தடை செய்துவிட்டார் என்பதே அது. பின்னர் குருநாகல் மருத்துவமனை மருத்துவர் ஒருவர் கைதானார். செய்தி கடல் கடந்து நம் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு மறையுரையில் நாம் அதை எடுத்துரைத்தோம். விழிப்பாயிருத்தல் என்னும் கருத்தை விளக்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது, அவ்வளவே. பகைமை நம் நோக்கமன்று. ஆனால், தீமை இழைக்கப் பகைமைதான் வேண்டும் என்பதில்லை. கவனக்குறைவே போதும் என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் முகாம் பெரியவர் காத்திருந்தார்.

"உது ஆர் சொன்னது, பாதர்?"

"செய்தித்தாளிலே வந்திருக்கிறது, ஐயா" என்றோம்.

"கண்டவை ஆரும் இருக்கினமோ?"

நம்மிடம் விடையில்லை. அவரே மெல்லத் தொடர்ந்தார்: "எண்பத்து மூண்டு ஆடியிலயும் இப்பிடித்தான் ஒரு கதை வந்தது, பாதர். புலி கொழும்புக்கு வந்திட்டுதாம் எண்டு. ஆர் கண்டது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. காலமை வெளிய போன என்ர தம்பி திரும்பி வரேல்லை."

அவர் அப்போது புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்த இளைஞர். 1983 ஜூலை 24 இரவு மூண்ட வன்செயல் நான்கு நாள்களில் சற்றே தணிந்துகொண்டிருந்தது. 28-ஆம் நாள் மாலை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் பேசினார். அடிபட்ட தமிழர்க்கு ஓர் ஆறுதல் சொல்லும் அவ்வுரையில் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. புலிகள் நகருக்குள் புகுந்துவிட்டனர் என்னும் வதந்தி எழ, கொலைவெறி மீண்டும் மூண்டது. ஓர் அதிபர் சொல்லாமல் விட்ட சொல்லும், யாரோ சொன்ன பொய்ச் சொல்லுமாக இரண்டும் சேர்ந்து அப்பெரியவரின் தம்பியைக் கொண்டுபோயின.

நமக்கு வேறொரு பாடமும் காத்திருந்தது. நம் பங்கின் தெருக்களில் மிதிவண்டியில் துணி கொண்டுவந்து தவணைக்கு விற்கும் முஸ்லிம் முதியவர் ஒருவர் உண்டு. நம் பெண்கள் 'பாய்' என்று உரிமையோடு அழைத்து, திருவிழாவுக்குச் சேலை எடுப்பார்கள். இரு வாரங்களாக அவர் வரவில்லை. விசாரித்தோம். அவர் வந்தாராம், கதவுகள் திறக்கவில்லையாம். நம் மறையுரையில் அவர் பெயர் இல்லை. குருநாகலுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் நம் சொல் அவருடைய சோற்றுத் தட்டைத் தொட்டுவிட்டது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. எட்டாம் கட்டளையை விளக்கிய பேராசிரியர், களவுக்கும் அவதூறுக்கும் ஒரே நீதியைச் சொல்வார். மாட்டைத் திருடியவன் ஒப்புரவு பெற்றால் மட்டும் போதாது; மாட்டையும் திருப்பித் தரவேண்டும். அவ்வாறே பிறர் நற்பெயரைக் கெடுத்தவன் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. அதை நாம் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். முந்திய ஆண்டுதான், 2018-இல், திருத்தந்தை பிரான்சிஸ் தம் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், ஏதேன் தோட்டத்துப் பாம்பே முதல் பொய்ச்செய்தியை உருவாக்கியது என்று விளக்கியிருந்தார். அச்செய்தியை நம் இளைஞர் மன்றத்தில் நாமே வாசித்துக் காட்டியிருந்தோம்! பாம்பு எப்போதும் பிறர் தோட்டத்தில்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு போலும்.

அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் நின்று, 'நாம் சொன்னதற்குச் சான்றில்லை. சொன்னது தவறு' என்று அறிக்கையிட்டோம். பின்னர் அந்தத் துணி வணிகரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் வருவித்தார். "செவ்வாய்க்கிழமை வர்றேன், சாமி" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே வந்தார். பெரும்பாலான கதவுகள் திறந்தன. இரண்டு கதவுகள் மட்டும் அவர் வியாபாரத்தை விடும்வரை திறக்கவேயில்லை. சொல்லைச் சிதறவிடுவது எளிது. அது விழுந்த இடமெல்லாம் தேடிச்சென்று பொறுக்குவது அரிது.

அந்த மருத்துவர் என்ன ஆனார்? குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை எனக் குற்றப் புலனாய்வுத் துறையினரே 2019 ஜூன் மாதம் நீதிமன்றத்தில் அறிவித்தனர். ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. ஆனால் முதற்பக்கச் செய்தி எட்டிய இடங்களுக்கெல்லாம் இவ்வறிவிப்பு எட்டவில்லை. தேர்தல் முடிந்தது, பாதுகாப்பை முழங்கிய கோத்தபய ராஜபக்ச 52 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார், 2022 ஜூலையில் நாட்டைவிட்டே வெளியேறினார். அதே 2022-இல் மருத்துவருக்கு நிலுவைச் சம்பளம் கிடைத்தது. 26 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேற்பட்ட அத்தொகையை, மருந்தின்றித் தவித்த மருத்துவமனைகளுக்கு இன்றியமையாத மருந்துகள் வாங்க அவர் வழங்கிவிட்டார். கடன்பட்டவர்கள் நாம், செலுத்தியவரோ அவர். பகைவர்க்கும் நன்மை செய்யுமாறு நம் ஆண்டவர் கற்பித்ததை மறையுரையில் நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதைச் செய்து காட்டியவரையா நாம் அதே பீடத்திலிருந்து பழித்தோம் என எண்ணும்போது இன்றும் நா கூசுகிறது.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு. அன்று மாலை முகாமுக்குச் சென்றிருந்தோம். முந்தின நாள் இலங்கையில் அதிபர் தேர்தல் முடிந்திருந்தது. களத்தில் 38 வேட்பாளர்கள். எவரும் பாதியைத் தாண்டவில்லை. அந்நாட்டு வரலாற்றிலேயே முதன்முறையாக விருப்பு வாக்குகளையும் எண்ண நேர்ந்தது. வேப்ப மரத்தடியில் ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துத் தலைகள். அநுர குமார திசாநாயக்க வென்றார் என ஓர் இளைஞன் உரக்க வாசித்தான்.

"உது ஆர் சொன்னது?" என்றார் பெரியவர்.

"தேர்தல் ஆணைக்குழு, தாத்தா. அறிவிச்சிட்டாங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, நமக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவரிடம் வாக்குச்சீட்டு இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி இருந்தது. நம்மிடம் வாக்குச்சீட்டு உண்டு. தேர்தல் காலங்களில் ஒரு சாதியைப் பற்றியோ, ஒரு சமயத்தாரைப் பற்றியோ சுடச்சுடச் செய்தி வந்து சேரும்போது, அதைப் பிறருக்கு அனுப்புமுன் அக்கேள்வியை நாமும் கேட்போமா? முன்னரே அனுப்பிவிட்டோமெனில், யாருடைய கதவு அதனால் மூடிக்கொண்டது என்று தேடிச்செல்வோமா? நல்ல வாக்கைப் பேணாத கை, வாக்குச்சீட்டை மட்டும் தூய்மையாகப் பிடித்துவிட முடியாது.