வெளியாளின் செவி

கன்ட்ரி இசை என்று அமெரிக்கர்கள் அழைப்பதை 'நாட்டுப்புற இசை' எனத் தமிழாக்கினால் கிளிஞ்சல்மேட்டில் வேறு பொருள் கொள்வார்கள். எங்களூரில் நாட்டுப்பாட்டு என்றால் தாலாட்டு, ஒப்பாரி, வலையிழுப்போரின் அம்பா. அதிலும் விசைப்படகுகள் வந்தபின் அம்பா பாடுவோர் அருகிவிட்டனர். ஆகவே கன்ட்ரி என்றே எழுதிவிடுகிறோம். காரைக்கால் கடற்கரையின் இந்த மீனவ ஊரில் அவ்விசையை விரும்பிக் கேட்பவர்கள் நாங்கள் நால்வர். டெக்சாஸையோ டென்னசியையோ பார்த்தவர்கள் அல்லர். குதிரையை ஊர்வலத்தில் கண்டதோடு சரி. இலக்கிய நண்பர் ஒருவர் எங்கள் விருப்பத்தை 'வேரற்ற ரசனை' என்றார். பகடியாகத்தான் சொன்னார் என்றாலும் அச்சொல் எங்களுக்குள் தங்கிவிட்டது.

எங்களை முதலில் வந்தடைந்த குரல் ஜிம் ரீவ்ஸினுடையது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவரின் கேசட் அது. ரீவ்ஸ் 1923-இல் டெக்சாஸில் பிறந்தவர். பேஸ்பால் ஆடியவர், பின்னர் வானொலி அறிவிப்பாளர். 1957-இல் வெளிவந்த 'ஃபோர் வால்ஸ்' பாடலில் மைக்கை நெருங்கி நின்று, காதோடு பேசுவதுபோல் பாடினார். அதன்பின் அதுவே அவரது பாணியாயிற்று. 1964 ஜூலை 31 அன்று, தாமே ஓட்டிச்சென்ற சிறு விமானம் நாஷ்வில் அருகே விழுந்து இறந்தபோது அவருக்கு வயது நாற்பது. தயாரிப்பாளர் சேட் அட்கின்ஸும் அவரைப் போன்றோரும் கிராமத்துப் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கி, வயலின் வரிசையையும் கோரஸ் குரல்களையும் சேர்த்து உருவாக்கிய அந்த மென்மையை அங்குள்ள தூய்மைவாதிகள் பலர் ஏற்கவில்லை. பட்டணத்துக்காரனுக்காகப் பாகு காய்ச்சியது என்பது அவர்கள் கட்சி. ஆனால் அந்தப் பாகுதான் கடல் தாண்டியது. தென்னாப்பிரிக்கா, நார்வே, இலங்கை, கேரளம், நம் வடகிழக்கு மாநிலங்கள் என்று ரீவ்ஸ் கொண்டாடப்பட்டார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்த எங்களுக்குச் சொல் சொல்லாகப் புரிந்த முதல் ஆங்கிலப் பாட்டு அவருடையதே. எங்கள் பெரியப்பா ஒருவர் மட்டும், "இவன் என்னடா தம்பி, தூங்கிக்கிட்டே பாடுறான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வேர் என்று பேசப் புகுந்தால் அந்த இசையின் வேர்களையும் பார்க்கவேண்டும். பாஞ்சோ மேற்கு ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த கருவி. ஸ்டீல் கிட்டார் ஹவாயிலிருந்து வந்தது. 1927-இல் பிரிஸ்டல் நகரில் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்த ஜிம்மி ரோட்ஜர்ஸ், ஆல்ப்ஸ் மலை இடையர்களின் யோடலைத் தம் பாட்டில் கலந்தவர். மறுபுறம், கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவரான கறுப்பின ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி, 1941-இல் அதிலிருந்து நீக்கப்பட்டார். உள்ளூர்க்காரர் யார் என்பதை அங்கே வேறு கணக்குகள் தீர்மானித்திருக்கின்றன. அதே ரோட்ஜர்ஸின் இசைத்தட்டுகள் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் போய்ச் சேர்ந்து, அவர் பெயர் 'செமிரோச்சா' ஆகி, பாதி மனிதன் பாதி மானாக அவர்கள் பாட்டில் புகுந்ததை ஹியூ டிரேசி 1950-இல் பதிவு செய்தார். வெளியாளின் செவி இப்படியும் வேலை செய்யும்.

இவ்வளவு தூரம் போவானேன்? எங்களுக்கு அண்மையிலுள்ள திருவாரூரில் 1775-இல் பிறந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வசித்த காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு இசை அவர் காதில் விழுந்தது. தம்பி பாலுசுவாமி வயலினையே கற்றுக்கொண்டார். அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என வழங்கும் இவை சுமார் நாற்பது. கமகம் இல்லாத, சங்கராபரண ஸ்வரங்களில் நேராக நடக்கும் உருப்படிகள். அவற்றுள் 'ஜகதீச குருகுஹ' என்பதன் மெட்டு, 'லார்ட் மக்டொனால்ட்ஸ் ரீல்' என்னும் ஸ்காட்லாந்து நடன மெட்டு. அதே ரீல் குடியேறிகளோடு அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. அங்கே கிராமத்துப் பிடில்காரர்களிடம் 'லெதர் பிரீச்சஸ்', அதாவது தோல் காற்சட்டை, என்று பெயர் மாறி நடன இரவுகளில் ஒலித்தது. ஒரே மெட்டு மேற்கே களஞ்சியக் கொட்டகைக்கும் கிழக்கே பூசையறைக்கும் போனது. ஆட்டத்தையும் கோமகனின் பெயரையும் விட்டுவிட்டு, தமக்கு வேண்டிய ஸ்வர நடையை மட்டும் தீட்சிதர் எடுத்துக்கொண்டார். அவரை வேரற்றவர் என்று சொல்லும் துணிவு நண்பருக்கு இராது.

வாதத்துக்கு இது போதும். ஆனால் எங்கள் ரசனை எங்களுக்கு எதற்குப் பயன்பட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

2004 கிறிஸ்துமஸ் அன்று காரைக்காலில் ஒரு நண்பர் வீட்டில் ரீவ்ஸின் 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' கேட்டுவிட்டு இரவு ஊர் திரும்பினோம். மறுநாள் ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் நால்வரில் ஒருவர் தம் தாயை இழந்தார். அதன்பின் மாதக்கணக்கில் ஊரில் கேட்டதெல்லாம் ஒப்பாரிதான். ஒப்பாரி பெண்களுடையது, ஆண்கள் தெருவில் நின்றிருப்பார்கள். தாய்க்கு அழ மகனுக்கென்று எங்கள் மரபில் பாட்டு இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். ரீவ்ஸை யாரும் தொடவில்லை. அந்தப் பட்டுக்குரல் அந்நாட்களில் தாங்கமுடியாததாக இருந்தது. தாயை இழந்தவரே ஒருநாள் கார்ட்டர் குடும்பத்தினர் 1935-இல் பதிவுசெய்த 'கேன் த சர்க்கிள் பி அன்புரோக்கன்' பாடலைக் கேட்டார். தாயின் சவவண்டியை மெதுவாக ஓட்டும்படி பிள்ளை கேட்டுக்கொள்ளும் பாட்டு. பாடுகிறவர்களின் குரல் உடையவே உடையாது; செய்தி சொல்வதுபோல் பாடிச் செல்வார்கள். எங்களூரில் அந்த வாரம் வண்டியும் இல்லை, மெதுவாகப் போக நேரமும் இல்லை. நண்பர் அதை மூன்று முறை கேட்டார். பிறகு எழுந்து வலை பார்க்கப் போனார்.

சென்ற மாதம் 'ஜகதீச குருகுஹ'வையும் 'லெதர் பிரீச்சஸ்'ஸையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டோம். பெரியப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: "ரெண்டும் ஒண்ணுதானடா. ஒண்ணு கோயிலுக்குப் போறதுக்குக் குளிச்சிட்டு வந்திருக்கு."