பாட்டியும் பேரனும் ஏறும் படகு

ஹவாயின் மாவி தீவுக்கு அருகே, பிறை வடிவில் கடலுக்கு மேல் நிற்கிறது மொலோக்கினி எரிமலை வாய். 1977 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. அங்கே கரையிறங்க முடியாது; படகிலிருந்தே நீரில் குதித்து, மூச்சுக்குழாயைக் கவ்வியபடி மீன்களைப் பார்க்க வேண்டும்.

ஆகவே படகுதான் எல்லாம். ஆறு வயதுப் பேரனும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து போகும் குடும்பம், விலையைக் கேட்பதற்கு முன் ஏணியைப் பற்றிக் கேட்க வேண்டும். பெரிய கேட்டமரான் படகுகளில் நிழல், கழிப்பறை, கைப்பிடியுள்ள படிகள் எல்லாம் இருக்கும். ராஃப்ட் எனும் காற்றடைத்த ரப்பர் படகு வேகமானது, ஆனால் அலைக்கு அலை தூக்கிப்போடும். கர்ப்பிணிகளையும் முதுகுவலிக்காரர்களையும் அதில் பொதுவாக ஏற்றுவதில்லை. இளசுகளின் ஆசைக்காகப் பெரியவர்களை அதில் உட்காரவைப்பது நியாயமே இல்லை.

காலைப் பயணமே நல்லது. பொழுது ஏற ஏறக் காற்று வலுத்து அலை எழும்பிவிடும்.

சிறுவர் அளவு முகமூடி உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். பெரியவர்களுடையதை மாட்டினால் கன்னத்தோரம் உப்புநீர் கசிந்து மூக்கில் ஏறும்; பிள்ளை அழுதுகொண்டே படகுக்குத் திரும்பிவிடும். நீச்சல் தெரியாத பாட்டிக்கு மிதவைச் சட்டையும், நீருக்குள் கூடவே வரும் ஊழியரும் வேண்டும்.

பவளத்தைக் காக்க, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன்களின் கடை விற்பனைக்கு ஹவாயில் 2021 முதல் தடை உள்ளது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் பூசவேண்டியதும் குறையும்.