கதை கேக்க வந்தியா, தம்பி?

2005 ஜனவரி முதல் வாரம். நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்தில் உடைந்த படகு ஒன்று ஒரு வீட்டுத் திண்ணைமேல் ஏறிக் கிடந்தது. அதன் நிழலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். டிசம்பர் 26 காலை வந்த சுனாமி அலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவருடைய ஏழு வயது மகனும் அவர்களில் ஒருவன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பத்திரிகையாளருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நான் கூடப் போயிருந்தேன். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதே அந்த வேலைக்கு என்னிடம் இருந்த தகுதி.

பத்திரிகையாளர் ஈர மணலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, தணிந்த குரலில், உங்கள் ‘ஸ்டோரி’யைச் சொல்ல முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அந்த அம்மாவைப் பார்த்து, “உங்க கதையைச் சொல்லுங்கம்மா” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். கேள்வி கேட்டவரை அல்ல.

“கதை கேக்க வந்தியா, தம்பி? எம்புள்ள போனது ஒனக்குக் கதையா?”

எழுந்து படகுக்குப் பின்னால் போய்விட்டார். என்ன சொன்னார் என்று பத்திரிகையாளர் கேட்டார். களைப்பாக இருக்கிறாராம், பேச முடியவில்லையாம் என்றேன். அன்றைக்கு அந்தக் கரையில் நான் கேட்ட ஒரே பொய் என் வாயிலிருந்து வந்தது.

அன்று இரவு எனக்கு நானே வாதாடினேன். எந்த அகராதியைப் புரட்டினாலும் ‘ஸ்டோரி’க்கு முதல் பொருள் கதைதான். பத்திரிகை அலுவலகத்தில் தீ விபத்துச் செய்தியும் ‘ஸ்டோரி’, மந்திரி பேட்டியும் ‘ஸ்டோரி’. ஆகவே நான் சரியாகத்தான் சொன்னேன் என்று தேற்றிக்கொண்டேன். அந்தத் தேற்றல் விடியும்வரைகூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், ஓய்வு கிடைத்தபோதெல்லாம், அந்த ஒரு சொல்லைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

‘ஸ்டோரி’யும் ‘ஹிஸ்டரி’யும் ஒரே வேரில் பிறந்தவை. கிரேக்கத்தில் விசாரித்து அறிதல் என்று பொருள்பட்ட ‘ஹிஸ்தோரியா’ லத்தீனுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வீடு பிரிந்த பின்னும் ‘ஸ்டோரி’யில் நடந்ததைச் சொல்லுதல் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பிள்ளையை இழந்தவரிடம் ஓர் ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்ல முடிகிறது. பொருளில் அதற்கு உறவான மற்றச் சொற்கள் தனித்தனி வழியில் வந்தவை. ‘டேல்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் எண்ணிக்கை என்ற பொருளும் உண்டு. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்பது அந்தக் குடும்பத்தின் மிச்சம். ‘லெஜண்ட்’ என்றால் படிக்க வேண்டியது. ‘நாவல்’ என்றால் புதியது; நாம் புதினம் என்றது அதையொட்டித்தான். ‘யார்ன்’ என்றால் நூல்; கப்பலில் கயிறு திரித்தபடி மாலுமிகள் பேசிய பேச்சிலிருந்து அதற்குக் கட்டுக்கதை என்ற பொருள் வந்ததாகச் சொல்வார்கள். நம் ஊரிலும் பொய் சொல்கிறவன் கயிறு திரிக்கிறான்.

நம் ‘கதை’ சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அது வந்த வழியைவிட, இங்கே வந்தபின் வாழ்ந்த வாழ்க்கைதான் என்னைத் தடுமாற வைத்தது. கதை விடுகிறான், கதை கட்டுகிறான், கதை அளக்கிறான், இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். தமிழ்நாட்டில் ஒருவர் பேச்சை இன்னொருவர் கதை என்று சொன்னால், பத்துக்கு எட்டு முறை அதில் நம்பிக்கையின்மை இருக்கிறது. அதே ஆள் தன்னைப் பற்றி, “என் கதையைக் கேட்டா ஒரு நாள் போதாது” என்பார். அதில் பொய்யின் நிழல்கூட இல்லை. தன் துயரத்தைக் கதை என்று சொல்லும் உரிமை பட்டவருக்கு உண்டு. வழியோடு போனவனுக்கு இல்லை. இதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை; அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் அதைச் சொல்லும் ஆள் இருப்பதில்லை.

இடமும் சொல்லை மாற்றும் என்பதை ஓர் ஈழத்துப் பெரியவர் எனக்குக் காட்டினார். சென்னையில் ஒரு கூட்டம் முடிந்து, “தம்பியோட கொஞ்சம் கதைக்க வேணும்” என்றார். அவர்களுக்குக் கதைப்பது என்றால் பேசுவது, அவ்வளவுதான். செய்தியை அவர்கள் புதினம் என்பார்கள். நமக்கு அது நாவல். ஸ்பானிய மொழியிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. கதை என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபாபுலா’விலிருந்து பிறந்த வினைதான் அங்கே ‘ஆப்லார்’, பேசுதல். யாழ்ப்பாணத்துத் திண்ணையில் நான் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அது அந்த அளவுக்குக் குத்தியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் நான் இருந்தது கீச்சாங்குப்பத்தில்.

இன்னொன்றும் என்னை விடவில்லை. தமிழின் முதல் நாவலுக்கு, 1879-இல் வெளிவந்தபோது, மாயூரம் வேதநாயகம் பிள்ளை வைத்த பெயர் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. ராஜம் ஐயர் எழுதியது ‘கமலாம்பாள் சரித்திரம்’. அவர்களுக்கு முன்பே, 1749-இல், ஆங்கிலத்தில் ஹென்றி ஃபீல்டிங் தன் கற்பனை நாயகனின் புத்தகத்துக்கு ‘தி ஹிஸ்டரி ஆஃப் டாம் ஜோன்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார். வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு முன்சீப் ஆனவர். நான் அன்று நின்ற கரையிலிருந்து அவர் வேலை பார்த்த மாயூரம் அதிக தூரமில்லை. கற்பனை மனிதர்களுக்குக்கூடச் சரித்திரம் என்ற மதிப்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். உண்மையில் செத்துப்போன ஒரு பிள்ளையை நான் கதை என்றேன்.

வரலாறு என்ற சொல்லை வரல், ஆறு என்று பிரித்து, வந்த வழி என்று பொருள் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது. ஆனால் மணலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் “உங்கள் வரலாற்றைக் கூறுங்கள்” என்று யாரும் கேட்க முடியாது. அப்படியானால் என்ன கேட்பது? அதற்குப் பதில் வெகு எளிதாக இருந்தது, தெருவில் எல்லோரும் தினமும் சொல்வதுதான்: “என்னம்மா நடந்துச்சு?” இந்த வாக்கியத்தில் ‘ஸ்டோரி’க்கு ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பத்திரிகையாளர் கேட்டது முழுக்க இருக்கிறது.

அதன்பின் நான் மொழிபெயர்த்த எல்லா நேர்காணல்களிலும் அப்படித்தான் கேட்டேன். மறுத்தவர்களும் உண்டு. மறுத்தபோது, மறுத்தார்கள் என்றே, அவர்கள் சொன்ன சொல்லோடு, கேட்டவரிடம் சொன்னேன்.

மறு வருடம் அந்தக் குப்பத்துக்குத் தனியாகப் போனேன். படகை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மாவைப் பற்றி இரண்டு தெருக்களில் விசாரித்தேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். அன்று அவர் பெயரை நான் கேட்டிருக்கவில்லை.